பவுனுக்குத் தெரிந்த மொழி

செகாம்புட்டில் அந்தக் கார்ப்பட்டறையை இழுத்து மூடினார்கள்.
ஜாகா சன்னாசி மகனோடு கூலாய்க்குப் போகிறார்,
அடுக்குமாடியில் நாய்க்கு இடமில்லையாம்.
மோட்டோவின் முன்கூடையில் பவுனை உட்காரவைத்து
செந்தூலுக்குக் கொண்டுவந்தேன்.
வழியெல்லாம் காற்றைக் கடித்துக்கொண்டு வந்தது.

மகள் கேட்டிலேயே ஆரம்பித்துவிட்டாள்.
சிட்.
பவுனு அவள் செருப்பை முகர்ந்தது.
டுடோக்.
மரியாதைக்கு வாலை ஆட்டியது.
யூடியூபில் பார்த்தபடி விரலை உயர்த்தி
மறுபடியும் சிட்.
இதுக்குக் காது கேட்கவில்லை டாடி என்றாள்
ஆங்கிலத்தில்.

உக்காரு, என்றேன்,
பையில் சாவியைத் துழாவிக்கொண்டே.
பொத்தென்று உட்கார்ந்தது.

யாஷ்வினி திரும்பி என்னைப் பார்த்தாள்,
வீட்டு வைஃபையின் பாஸ்வேர்டை
இத்தனை நாள் மறைத்தவனைப் பார்ப்பதுபோல.

மறைத்ததாக நினைக்கவில்லை.
ஷெர்லின் வீட்டில் மலையாளம்,
எங்கள் இருவருக்கும் நடுவில் ஆங்கிலம்,
பள்ளிக்கு மலாய்.
தம்பியின் போனுக்கும்
ஸ்பானர் வழுக்கி விரல் நசுங்கும் நேரத்துக்கும்
தமிழைத் தனியாக எடுத்துவைத்திருந்தேன்.
நசுங்கும்போது வருவதைப் பிள்ளைக்கு எப்படிக் கொடுப்பது?

பிரிட்ஜில் ஒரு தாள் ஏறியது.
வா. போ. நில்லு. துப்பு.
ரோமன் எழுத்தில் அவளே எழுதியது.
நக்காதே, அவள் வாசிப்பில் நக்காடே ஆனது.
பவுனு அதற்கும் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டது.
எல்லாம் ஏவல். அதற்குமேல் ஓர் இலக்கணம்
எங்கள் படியேறவில்லை.
பதினோரு வருஷம் நான் கொடுக்காததை
ஒரு வளர்ப்புப் பிராணி
கோழி எலும்புக்கு வாங்கித் தந்துவிட்டது.

நவம்பர். நாலு மணி மழை.
மூன்றாவது இடிக்குக் கரண்ட் போனது.
வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே
பவுனு தன்னைச் செருகிக்கொண்டது.
ஈரச் சிமெண்டில் வயிறு பட
அவள் குப்புறப் படுத்திருந்தாள்.
வா.
வரவில்லை.
வா. வா.
நில்லு என்றும் சொல்லிப்பார்த்தாள் பாவம்,
அது நடுங்குகிறதே ஒழிய எங்கே ஓடுகிறது?
தாளில் இருந்தது தீர்ந்துவிட்டது.

டார்ச்சோடு மாடிப்படியில் நான்.
ஏதாவது எடுத்துக்கொடுக்கலாம் என்று வாயைத் திறப்பதற்குள்

ஒண்ணுல்ல,
என்றாள்.
ஒண்ணுல்ல, ஒண்ணுல்ல.

எங்கிருந்து எடுத்தாள்?
இரண்டு வருஷத்துக்கு முன் டெங்கிக் காய்ச்சலில்
ட்ரிப்ஸ் ஏறிய கையைப் பிடித்துக்கொண்டு
நாலு ராத்திரி ஆஸ்பத்திரி நாற்காலியில் இருந்தேன்.
அப்போது சொல்லியிருப்பேனோ.
சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

நான் இருக்குது, என்றாள் பிறகு.
இருக்கேன், என்பது
என் நாக்கு நுனிவரை வந்தது.
டார்ச்சை அணைத்தேன்.
இருட்டில் நகம் சிமெண்டைப் பிறாண்டும் சத்தம்,
கொஞ்சம் கொஞ்சமாக இந்தப் பக்கம்.

காலையில் மைலோ ஆறிக்கொண்டிருக்க
ஆங்கிலத்தில் கேட்டாள்:
ஒண்ணுல்ல என்றால் எதுவும் இல்லை என்றுதானே அர்த்தம்?
ஆனால் இடி இருந்ததே. பொய்தானே அது?
ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே
ஏதோ சொன்னேன், பாதி மலாயில்.
எனக்கே அது பிடிக்கவில்லை.

பவுனு வழக்கம்போல கேட்டில் மூக்கை வைத்து
செகாம்புட் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது.
வா என்றாள்.
காது அசையவில்லை.
இதைவிட மெதுவாக ஒரு வா இருக்கா டாடி,
கேட்கிற மாதிரி, ஆர்டர் போடாமல்?

இருக்கு.
வாயேன்.

வாயேன், என்றாள்,
கேட்டைப் பார்த்து.
பள்ளி பஸ் ஹாரன் அடித்தது.
ஒரு காதை மட்டும் இந்தப் பக்கம் திருப்பியது
பவுனு.